மார்ச்சில் டேங்கர், ஜூனில் வெள்ளம்

பெங்களூரு ஹலசூரில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்துவிட்டு, ஹொரமாவு பக்கம் 30க்கு 40 அடி சைட் வாங்கி வீடு கட்டிக்கொண்டு போன தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, 2024 மார்ச்சில் டேங்கர்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடினோம். ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை சம்ப்புத் தொட்டிக்குள்ளே சாக்கடைத் தண்ணி புகுந்துடுச்சு. பருவநிலை மாற்றம்னு சொல்றாங்களே, அதனால மழை கூடுமா, குறையுமா? ஏதாவது ஒண்ணுதானே நடக்கணும்? பேசாம இந்த வீட்டை வித்துட்டு வேற ஏரியா பார்க்கட்டுமா?"

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன். முப்பது வருடம் இந்த ஊரிலும் ஓசூர், மாலூர், கோலார் பக்கங்களிலும் போர்வெல் பாயிண்ட் பார்த்துப் பிழைத்தவன் நான். மண்ணுக்குள் மின்சாரம் விட்டு நீரோட்டம் பார்க்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டரைக் கையில் வைத்திருப்பவன். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் சொல்பவன் இல்லை. (தேங்காய்க்காரருக்குத்தான் எப்போதும் என்னைவிட அதிகக் கூட்டம், அது வேறு கதை.)

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். உன் 30க்கு 40 சைட் 111 சதுர மீட்டர் சொச்சம். 2024 ஜூன் 2-ம் தேதி ஞாயிறு நகரத்தில் பதிவான மழை 111.1 மி.மீ. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெய்தது 133 வருடத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டையும் பெருக்கு: 12,000 லிட்டருக்கு மேல். அதாவது மார்ச்சில் நீ கெஞ்சி வாங்கினாயே அந்தப் பெரிய டேங்கர், அதே 12,000 லிட்டர் வண்டி, சரியாக ஒரு லோடு, உன் சைட்டின் மேல் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. பக்கத்து சைட்டுக்கு ஒரு லோடு, எதிர் சைட்டுக்கு ஒரு லோடு. எல்லாம் சேர்ந்து தாழ்ந்த பக்கம் ஓடி உன் சம்ப்பைத் தேடி வந்தது. மார்ச்சில் இல்லாத தண்ணியும் ஜூனில் புகுந்த தண்ணியும் வேறு வேறு அல்ல. வரவேண்டிய நேரத்தில் வராமல், வந்தபோது ஒட்டுமொத்தமாக வந்தது.

நம் ஊர்களில் நல்ல காலத்தைச் சொல்ல "மாதம் மும்மாரி பெய்தது" என்பார்கள். இதில் மொத்தம் எத்தனை அங்குலம் என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனி. இடைவெளியைத்தான் சொன்னார்கள், பத்து நாளுக்கு ஒரு மழை. வருடத்துக்கு 900 மி.மீ. பெய்தாலும் அதை முப்பத்தாறு தவணையாகத் தந்தால் அது மும்மாரி, பத்துத் தவணையாகத் தந்தால் அதுவே வறட்சியும் வெள்ளமும். பருவநிலை மாற்றம் முதலில் கை வைப்பது இந்தத் தவணையில்தான். "மழை கூடுமா குறையுமா" என்ற உன் கேள்விக்கு இரண்டும் என்று நான் சொல்வது மழுப்பல் அல்ல.

ஏன் என்றால், சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். ஒரு டிகிரி கூடினால் காற்று பிடித்துவைக்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். இது பள்ளிக்கூட இயற்பியல், இதில் கட்சி சண்டைக்கு இடமில்லை. பழைய அண்டாவை எடுத்துவிட்டுப் பெரிய அண்டா வைத்தது போல. நிரம்ப அதிக நாள் பிடிக்கும். அத்தனை நாளும் கீழே வெயில். கவிழும்போது பழைய அண்டாவைவிட அதிகம் கொட்டும். அண்டா நிரம்புவது எங்கிருந்து? கடலிலிருந்து மட்டுமல்ல. நம் மண்ணிலிருந்தும், ஏரியிலிருந்தும், ராகி வயலின் இலையிலிருந்தும் உறிஞ்சித்தான்.

எங்கள் அம்மா திருப்பத்தூரிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். ஹலசூர் மாடியில் கூழ் வற்றல் பிழிந்தால் காய நாலு நாள் ஆகும், நடுவில் ஒரு தூறல் விழுந்தால் பூசணம் பிடிக்கும் என்று அலுத்துக்கொண்டு, வருடா வருடம் வற்றலுக்கு ஊரையே நம்பியிருந்தார். 2024 ஏப்ரலில் என் மனைவி அதே மாடியில் பிழிந்த வற்றல் மறுநாள் சாயந்திரம் கலகலவென்று டப்பாவுக்குப் போய்விட்டது. அந்த மாதம் நகரத்து வானிலை நிலையத்தில் சொல்லும்படியாக ஒரு மழை இல்லை; 28-ம் தேதி வெயில் 38.5 டிகிரி. வற்றலை அப்படிக் காயவைத்த காற்று ஏரியையும் தொட்டிச் செடியையும் விட்டுவைக்குமா? மழை அதே அளவு பெய்தாலும் காற்று குடிப்பது கூடினால் மண்ணுக்கு மிஞ்சுவது குறையும். "மழை குறையவே இல்லையே, பிறகு எப்படி வறட்சி?" என்று மேலுக்கு மட்டும் பார்க்கிறவர்கள் கேட்பது இதைக் கணக்கில் எடுக்காததால்தான்.

ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த பெருமழை, பூமி ஒரு டிகிரி சூடான நிலையில் 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த மண் வறட்சி, வறண்டு வரும் பகுதிகளில் 1.7 மடங்கு. இரண்டும் ஏறுகின்றன. இந்தியாவுக்கு வந்தால், நம் மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடும் அதையே சொல்கிறது: 1951-லிருந்து 2015 வரை தென்மேற்குப் பருவமழை மொத்தத்தில் சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தக் குறைவு தெரிகிறது, அதே காலத்தில் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மி.மீ.க்கு மேல் கொட்டும் நாட்கள் சுமார் 75 சதவீதம் கூடியிருக்கின்றன. பருவத்துக்கு நடுவில் வரும் மழையில்லாத வறண்ட நாட்களும் கூடியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறைந்தால் நமக்கு என்ன என்று கேட்காதே. நீ குழாயில் பிடிக்கும் காவிரி அங்கே குடகில்தான் பிறக்கிறது.

கடலும் சூடாகிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் அந்த அறுபத்தைந்து வருடத்தில் ஒரு டிகிரி ஏறியிருக்கிறது, உலகக் கடல்களின் சராசரியைவிட அதிகம். கடல் சூடானால் நீராவி தாராளம். ஆனால் தரைக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான் பருவக்காற்றை இழுத்து வருகிறது. கடல் வேகமாகச் சூடானால் அந்த இழுவை தளர்கிறது. சரக்கு நிறைய இருக்கிறது, லாரி ஒழுங்காக ஓடவில்லை என்று வைத்துக்கொள். இதற்கு மேல் எல் நினோ, லா நினா என்ற பழைய பங்காளிகள். பசிபிக் கடல் சூடாகி நம் பருவமழையைப் பெரும்பாலும் குறைப்பது எல் நினோ, குளிர்ந்து கூட்டுவது லா நினா. அவற்றை மனிதன் உண்டாக்கவில்லை. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, 1876-78, மைசூர் ராஜ்யத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஜனம் குறைந்துபோனது, அதன் பின்னாலும் பெரிய எல் நினோ உண்டு. தானியம் கப்பலேறிப் போனதும் உண்டு. ஆகவே வறட்சி புதிதல்ல. பழைய ஊசலாட்டத்தின் மேல் சூடு உட்கார்ந்து, இரண்டு பக்க வீச்சையும் நீட்டிவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். மூன்றே வருடத்தில் பெங்களூரு பட்ட பாட்டைப் பார்த்தால் மேலே சொன்னதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்று தெரியும். 2022-ல் லா நினா. வழக்கமாக வருடத்துக்கு 970 மி.மீ. சொச்சம் பெய்யும் ஊரில் அந்த வருடம் 1,900-ஐத் தாண்டியது. செப்டம்பர் 4-ம் தேதி இரவு விடிவதற்குள் 131.6 மி.மீ. மகாதேவபுரா, பெள்ளந்தூர் பக்கம் ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் ஆபீஸ் போன படம் நீயும் பார்த்திருப்பாய். எனக்கு அதைவிட மனதில் நிற்பது வேறு. அதே மழையில் மண்டியா மாவட்டத்தில் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்துக்குத் தண்ணியைத் தள்ளும் மோட்டார்கள் தண்ணிக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தன. தெருவில் இடுப்பளவு தண்ணி, குழாயில் காற்று. அந்த இரண்டு நாளும் வெள்ளத்துக்கு நடுவே டேங்கர் தேடினார்கள் ஜனங்கள்.

2023-ல் எல் நினோ. அந்த ஆகஸ்ட், 1901-லிருந்து நாட்டில் பதிவான ஆகஸ்ட்களிலேயே மிகக் காய்ந்தது. கர்நாடகாவில் 236 தாலுகாவில் 223 வறட்சி என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்குக் காவிரியைத் திறக்கக் கூடாது என்று நடந்த செப்டம்பர் 26 பந்த் நினைவிருக்கும். அன்று ஸ்ரீராமபுரம், ஹலசூர்க் கடைகளில் தமிழ் போர்டுக்கு மேல் துணி போட்டு மூடிய கைகளில் என் தம்பி கையும் ஒன்று. வானம் பொய்த்தால் முதலில் காய்வது அணை, அடுத்தது அக்கம்பக்கத்துப் பேச்சுவார்த்தை. மறுவருடம் மார்ச்சில் அரசு சொன்ன கணக்குப்படி நகரத்தின் 13,900 போர்களில் 6,900 வறண்டுவிட்டன. பிறகு ஜூலைக் கடைசியில் காவிரியின் கிருஷ்ணராஜசாகர் அணை நிரம்பி, 30-ம் தேதி மேட்டூர் 120 அடியைத் தொட்டது. மார்ச்சிலிருந்து ஜூலைக்கு நாலே மாதம்.

ஆனால் ஒன்று. "எல்லாம் பருவநிலை மாற்றம் சார், நாங்கள் என்ன செய்ய?" என்று அதிகாரியோ பில்டரோ சொன்னால் ஏமாந்துவிடாதே. 2022-ன் 131 மி.மீ. இந்த ஊருக்கு உச்சம் அல்ல. 1988 செப்டம்பர் 12-ல் 177.6 பெய்திருக்கிறது. 1997 அக்டோபர் 1-ல் 178.9. அந்த 1988 மழைக்கு மறுநாள் நான் ஹலசூரிலிருந்து வர்த்தூர் வரை சைக்கிளில் போனேன், ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போவதைப் பார்க்க. கன்னடத்திலும் கோடிதான், நம் வட ஆற்காடு, தருமபுரிப் பக்கமும் கோடிதான். ஒரு ஏரி நிரம்பிக் கோடி விட்டால் அடுத்த ஏரிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, நடுவில் மழைத் தண்ணி ஓடும் பெரிய வாய்க்கால், ராஜகால்வாய். முழங்காலளவு சேறு, தவளைச் சத்தம், கெண்டை பிடிக்கும் பையன்கள். யார் வீட்டுக்குள்ளும் தண்ணி போகவில்லை, ஏனென்றால் தண்ணி போகும் வழியில் வீடு இல்லை.

இந்திய அறிவியல் கழகத்து ஆட்களின் கணக்கில், 1973-ல் ஊரில் கட்டடமும் தாருமாக இருந்தது நூற்றுக்கு எட்டுப் பங்கு. இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி; கரகத் திருவிழாவுக்காக ஒரு சின்னக் குட்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், சாமிக்குப் பயந்து. மழை கொஞ்சம் கூடியிருக்கிறது, அதைத் தாங்கும் மடி பெரிதும் கிழிந்திருக்கிறது. உன் சம்ப்புக்குள் வந்த சாக்கடையில் எவ்வளவு பங்கு பூமியைச் சூடாக்கும் கார்பனுக்கு, எவ்வளவு பங்கு கால்வாயை மூடியவனுக்கு என்று என்னைக் கேட்டால், இந்த ஊரைப் பொறுத்தவரை கால்வாயை மூடியவன் பக்கமே என் விரல் நீளும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். "இவ்வளவு மழை பெய்ததே, போர் ஏன் ஏறவில்லை?" நம் ஊர் பாறை ஊர். லால்பாக்கில் ஏறி நிற்கிறோமே அந்தப் பாறை, ஏறத்தாழ 300 கோடி வருடப் பழசு, அதுதான் ஊருக்கு அடியில் முழுக்க. மேலே சில பத்து அடிகள் மட்கிய பாறை, மொரம்பு. அது பஞ்சு மாதிரி தண்ணி பிடிக்கும். கீழே வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணி. மேல் பஞ்சு நனைந்தால்தான் கீழ் வெடிப்புக்குச் சொட்டும். விவசாயிகள் "ஓர் உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்று அளப்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பதில்லை, ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்ததா என்பதுதான் அளவு. இரவெல்லாம் பிசுபிசுவென்று பெய்யும் அடைமழை 30 மி.மீ. உழவுக்குப் போதும். அதே 30 மி.மீ. இருபது நிமிடத்தில் கொட்டினால் மேல் மண் மொழுகின தரை போல் இறுகி, தண்ணி வழுக்கிக்கொண்டு ஓடும். அரை அடி தோண்டினால் புழுதி. சூடான காற்று நமக்கு அடைமழையைக் குறைத்து, கொட்டுமழையைக் கூட்டித் தருகிறது. போர் ஏறாததற்கு ஒரு பெரிய காரணம் இது. கான்கிரீட் மற்றது.

2024 மார்ச் கடைசியில் கே.ஆர்.புரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக்குப் பாயிண்ட் கொடுக்கக் கூப்பிட்டார்கள். ஏற்கனவே மூன்று போர் செத்துக் கிடந்தது. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ராத்திரி வண்டி நின்றது. நாமக்கல் பக்கத்துப் பையன்கள், ராடு ராடாகச் செருகிக்கொண்டே போனார்கள். 300 அடி வரை பழுப்புத் தூள். 700-ல் சாம்பல். 1,100 தாண்டியதும் வந்தது கோலமாவு மாதிரி வெள்ளைப் பவுடர், கையில் எடுத்தால் சுட்டது, ஒரு துளி ஈரம் இல்லை. நின்ற கார்கள், துளசி மாடம், வேடிக்கை பார்த்த குழந்தைகளின் தலை எல்லாம் வெள்ளை. 1,350-ல் நிறுத்தச் சொன்னேன். அடிக்கு இவ்வளவு என்று பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு அசோசியேஷன் செயலாளர் என்னிடம், "கம்ப்ரசர் விட்டால் ஒரு இஞ்ச் தண்ணியாவது வராதா சார்?" என்றார். அந்த வளாகத்தில் மழைநீர்க் குழாய் நேராக ரோட்டுச் சாக்கடையில் விடப்பட்டிருந்தது. ஜூன் 2-ம் தேதி அவர்கள் பேஸ்மெண்டில் தண்ணி நின்றதாகக் கேள்விப்பட்டேன்.

நம் கழிவும் வெள்ளமும் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் மாமியார் வீடு கடலூர். இந்த ஊர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்குச் சரிவில் விழுவது விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு. கிழக்குச் சரிவில், உன் ஹொரமாவு, பெள்ளந்தூர் எல்லாம் அந்தப் பக்கம், விழுவது தென்பெண்ணைக்கு. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறதே, அது நம் வீட்டு சோப்பு. அதே ஆற்றில்தான் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டி, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்து, விழுப்புரம் கடலூர் ஊர்கள் மூழ்கின. அந்த வெள்ளம் பெங்களூரு அனுப்பியது அல்ல, புயல் கொட்டியது. ஆனால் அந்த ஆற்றுக்குக் கோடையில் நம் சாக்கடையும், கார்த்திகையில் கடலின் சூடும் என்று இரண்டு பக்கத்திலும் இடி.

சரி, நீ என்ன செய்யலாம். சம்ப் மூடியை ரோட்டு மட்டத்திலிருந்து ஒன்றரை அடி தூக்கிக் கட்டு. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு உயர்கிறது, வீடு தாழ்கிறது. இதை யாரும் சொல்லமாட்டார்கள். மாடித் தண்ணியை ரோட்டில் விடாதே. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை வடிகட்டிச் சம்ப்புக்குத் திருப்பு. உன் சம்ப் 6,000 லிட்டர், பாதி லோடு அதிலேயே நிற்கும். மிச்சத்துக்கு மூன்றடி அகலத்தில் இருபதடி சிமெண்ட் ரிங் கிணறு ஒன்று. அது ஒரே மூச்சில் 4,000 லிட்டர் வாங்கும், பிறகு மெல்ல மண்ணுக்குக் கொடுக்கும். ரோட்டுத் தண்ணியை மட்டும் தயவுசெய்து அதில் விடாதே, சாக்கடையை நிலத்துக்கு ஊசி போட்டது போலாகும். புது வீடு என்றால் 30க்கு 40-க்கும் மழைநீர் சேமிப்பு 2009-லிருந்தே சட்டம். உன் காண்டிராக்டர் குழாயை மட்டும் காட்டிவிட்டுப் போயிருப்பார், குழியைப் பார்த்தாயா என்று தெரியவில்லை.

விற்பதா வேண்டாமா என்பதற்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும்: அஸ்திவாரம் தோண்டியபோது என்ன மண் வந்தது? சிவப்பு மண்ணோ மொரம்போ வந்திருந்தால் உன் வீடு தரையில் இருக்கிறது, அடைத்த கால்வாயால்தான் தண்ணி வந்தது. அதற்கு வார்டு ஆபீஸ் படியேறிச் சண்டை போடலாம், வீட்டை விற்க வேண்டியதில்லை. கருப்புக் களி பிசுபிசுவென்று, நடுவில் சின்னச் சின்ன நத்தை ஓடு கலந்து வந்திருந்தால் நீ ஏரிக்குள் வீடு கட்டியிருக்கிறாய். எந்தக் கால்வாயைத் தூர்வாரினாலும் தண்ணி அங்கேதான் வரும். அப்போது விற்கலாம், வாங்குகிறவரிடமும் சொல்லிவிட்டு. உனக்கு ஞாபகம் இல்லையென்றால் உங்கள் மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கேள். களிமண் என்றால் அவர் கூடுதலாகக் கம்பி கட்டியிருப்பார், அதற்குக் காசும் கேட்டிருப்பார், கட்டாயம் ஞாபகம் வைத்திருப்பார்.